எண்பத்தேழாவது வரிக்குக் கீழே

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற அத்தனை கம்பெனிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும், எக்செல் ஷீட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பொய். எங்கள் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கிலேயே என்னை மிஞ்ச நாலு பேர் இருந்தார்கள். டெஸ்க்கில் மொத்தமே ஐந்து பேர்தான்.

டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ரிட்டயர் ஆனவன் என்ற முறையில் என் அனுபவங்களை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். டெஸ்க்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டிருப்பதும் எக்செல்லில்தான். கடிதம் எழுதுவதற்கென்று தனியாக ஒன்று இருக்கிறதாம், அதைத் திறந்தால் எனக்குக் கட்டங்கள் இல்லாமல் தலை சுற்றுகிறது. ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி வாக்கியம் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தால் இழுத்துப் பார்த்துப் படியுங்கள்.

நான் திருப்பத்தூர் பக்கம். ஒன்பதாம் வகுப்பு இரண்டு வருஷம் படித்தேன். மூன்றாவது வருஷமும் படிக்க நான் தயாராகத்தான் இருந்தேன், ஹெட்மாஸ்டர் தயாராக இல்லை. பெங்களூருக்கு வந்து ஈஜிபுராவில் ஒற்றை அறை எடுத்து, பதினோரு வருஷம் கம்பெனி கேப் ஓட்டினேன். இடுப்பு இனி முடியாது என்று சொன்னபோது, ரூட் எல்லாம் தெரிந்த ஆள் என்று டெஸ்க்கில் உட்கார வைத்தார்கள். அன்றுதான் எக்செல்லை முதன்முதலாகப் பார்த்தேன். ஜன்னலுக்கு யாரோ கம்பி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் எட்டு மாதம் நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எத்தனை பேர் எந்த வண்டி என்று கட்டங்களில் அடிப்பேன். பிறகு மேஜையில் இருக்கும் கால்குலேட்டரை எடுத்துக் கூட்டுவேன். கூட்டி வந்ததைக் கடைசிக் கட்டத்தில் அடிப்பேன். சந்தேகம் வந்தால் மறுபடி கால்குலேட்டர். ஒருநாள் பக்கத்து நாற்காலிக்காரர் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எதுக்கு கரெண்ட்டுல ஓடுதுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். கூட்டல் அதுவே போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, இவ்வளவுதான் எக்செல், கற்று முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை முறை கற்று முடித்தேன் என்று கணக்கில்லை. ஃபில்டர் தெரிந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். கட்டத்துக்கு நிறம் மாற வைக்கத் தெரிந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கதவைத் திறந்து, உள்ளே இருப்பது கடைசி அறை என்று முடிவு செய்து, பாய் விரித்துப் படுத்துவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் மேக்ரோ என் வாழ்க்கையில் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தினமும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு அந்த வேலையை ஒருமுறை செய்தால் போதும். மறுநாள் ஒரே பொத்தானில் அத்தனையையும் அதுவே செய்து காட்டும். பழைய டேப் ரெக்கார்டர் மாதிரி. காலை ஷிப்ட்டுக்கு எண்பத்தாறு பேர். ஏரியா வாரியாகப் பிரித்து, நாலு நாலு பேராக வண்டி போட்டு, நேரம் போட்டு, ஓட்டுநர்களுக்கு அனுப்ப எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ரெக்கார்ட் செய்த பிறகு, பொத்தானை அழுத்திவிட்டு நான் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடிந்துவிடும். ஷீட்டின் மேலே ஒரு பெட்டியும் வைத்தேன். மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வண்டி போட்டாயிற்று என்று அது காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டி பச்சையாகும்.

இரண்டு மாதம் தினமும் பச்சை. மேனேஜர் மற்ற டெஸ்க் ஆட்களைக் கூட்டி வந்து என் பொத்தானைக் காட்டினார். நான் பவ்யமாக நின்றுகொண்டு, "பெருசா ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் புரோகிராமிங்" என்றேன். அந்த வார்த்தையை வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி, புரோகிராமர்கள் எல்லாம் தட்டைக் கழுவி வைப்பார்களா மாட்டார்களா என்று கேட்டாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

அன்று ஒரு புது பேட்ச் வேலைக்குச் சேருகிற நாள். பெரும்பாலானவர்கள் கம்பெனிக்குப் பக்கத்திலேயே பி.ஜி. விடுதிகளில் தங்கியிருந்ததால் கேப் கேட்டவர்கள் மூன்றே பேர்தான். ஹெச்.ஆரிலிருந்து வந்த லிஸ்ட்டில் அவர்கள் பெயரைக் கடைசியில் சேர்த்திருந்தார்கள். நான் லிஸ்ட்டை ஒட்டினேன், பொத்தானை அழுத்தினேன், பெட்டி பச்சையானது, காபி குடித்தேன்.

எட்டு இருபதுக்கு போன். ஒரு பெண். பெயர் சௌமியா, வாணியம்பாடி. அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இன்று ஜாயினிங், எட்டு மணிக்கு வரவேண்டிய கேப் இன்னும் வரவில்லை என்றாள்.

நான் ஷீட்டைப் பார்த்தேன். பச்சை.

"எல்லாருக்கும் வண்டி போட்டாச்சும்மா. உங்க பேரு இதுல இல்ல."

"சார், மெயில் வந்திருக்கு சார். கேப் உண்டுன்னு போட்டிருக்காங்க."

"மெயில் ஆயிரம் வரும். நீங்க எந்தக் கம்பெனின்னு மொதல்ல நல்லா பாருங்க."

இதை நான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சேருகிற கம்பெனியின் பெயரே தெரியாமல் ஒரு பெண் ஊரை விட்டு வந்து தெருவில் நிற்கிறாள் என்று நான் நம்பத் தயாராக இருந்தேன். என் பெட்டி தப்பாக இருக்கும் என்று நம்பத் தயாராக இல்லை. பதினைந்து நிமிடம் இப்படியே போனது. அவள் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தவில்லை. ஒன்பதரைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த பேட்ச்தானாம் சார், அதற்கு ஒரு மாதம் ஆகுமாம், அதுவும் இடம் இருந்தால்தானாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் வாயை அடைப்பதற்காகவே, லிஸ்ட்டை ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டுகிறேன் என்று கீழே உருட்டிக்கொண்டு போனேன். எண்பத்தேழாவது வரியில் என் வண்டி நம்பர், என் நிறம், என் கோடு எல்லாம் முடிந்தது. அதற்குக் கீழே மூன்று பெயர்கள். கோடு இல்லை, நிறம் இல்லை, வண்டி இல்லை. மூன்றாவது பெயர் சௌமியா.

அந்த மூன்று பெயர்களும் காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கின்றன. மேலே பச்சை எரிந்தால் கீழே எவன் உருட்டிப் பார்ப்பான்?

எங்கே நிற்கிறாய் என்று அப்போதுதான் கேட்டேன். ஈஜிபுரா சிக்னல் பக்கம். நான் குடியிருக்கிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரம். மற்ற இருவருக்கும் போன் போட்டேன். ஒருவன் நண்பனுடைய பைக்கில் பாதி தூரம் வந்துவிட்டிருந்தான், இன்னொருவன் பஸ்ஸில் நின்றபடியே என்னைத் திட்டினான். ஆக, மாட்டிக்கொண்டவள் இவள் ஒருத்திதான். அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் கிளம்பியாயிற்று. மடிவாளா அருகே போய்க்கொண்டிருந்த ஒரு வண்டியில் ஒரு இடம் காலி. அந்த ஓட்டுநர் கோலார்க்காரர். அவரை ஓரமாக நிற்கச் சொன்னேன். உள்ளே இருக்கும் மூன்று பேரும் என்னைக் கடித்துக் குதறுவார்கள் என்றார். என் பெயரைச் சொல்லிக் கடிக்கச் சொல்லுங்கள் என்றேன். சௌமியாவை ஆட்டோ பிடித்து அங்கே போகச் சொன்னேன். இதுவரை நான் செய்தது சரி.

அடுத்து ஒரு தப்பு செய்தேன். அவள் வண்டியில் ஏறியதும் போன் செய்து, "கேட்டா ட்ராஃபிக்னு சொல்லிடும்மா" என்றேன். பெங்களூரில் ட்ராஃபிக் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். பதினோரு வருஷம் ஓட்டிய ஆளின் புத்தி அப்படித்தான் போகும்.

வண்டி வந்து சேரும்போது ஒன்பது ஐம்பது. நான் கேட்டில் நின்று அவளை மூன்றாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அவள் தோளில் ஒரு பை, கையில் சர்டிஃபிகேட் ஃபைல். லிஃப்ட்டில் அவள் என்னைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ் சார், நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்னே தெரியல" என்றாள். நான் லிஃப்ட்டில் மாடி நம்பர் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாயினிங் அறையில் இருந்தவர் மைசூர்க்காரர், கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவார். மரியாதையான ஆள். அவள் ட்ராஃபிக் என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ட்ராஃபிக் எல்லாருக்கும் ஒந்தே தானேம்மா. மத்தவங்க எல்லாம் ஒன்பது மணிக்கே பந்துட்டாங்க. நெக்ஸ்ட் பேட்ச் பாக்கலாம்."

அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னது நான் சொல்லிக் கொடுத்தது. அவளாக வாய் திறந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

உங்களுக்கு இந்த இடம் ஒருநாள் வரும், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கணக்குப் போட எனக்கு இரண்டு விநாடி கிடைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், இவள் ஒரு மாதம் சம்பளமில்லாமல் உட்காருவாள், பழைய வேலையும் இல்லை. மேனேஜர் என் பொத்தானைக் காட்டுவது மட்டும் தொடரும். வாயைத் திறந்தால், புரோகிராமர் பட்டம் அன்றோடு போகும். இவ்வளவு சுலபமான கணக்கு ஒன்பதாம் வகுப்பில் வந்திருந்தால் நான் பாஸாகியிருப்பேன்.

"சார், ட்ராஃபிக் இல்ல. அவங்களுக்கு வண்டியே போடல. தப்பு என்னோடது. எட்டு மணியிலேர்ந்து ரோட்டுல நின்னாங்க, நான்தான் உங்க பேரு இல்லன்னு சொன்னேன்."

சௌமியா இப்போது திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது.

கம்பெனியின் தப்பு என்றால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எழுத்தில் வேண்டும் என்றார் அவர். தாளை நீட்டினார். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. வந்த அளவுக்கு எழுதினேன்: "கேப் நாட் கம். மை மிஸ்டேக். மேக்ரோ எய்ட்டி செவன் ஸ்டாப்." கீழே கையெழுத்து, பெயர், எம்ப்ளாயி நம்பர். அவர் அதை மூன்று முறை படித்தார்.

"மேக்ரோ அந்த்ரே யாரு? டிரைவரா?"

மேக்ரோ என்றால் யார் என்கிறார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சௌமியாவுக்கும். அவர் அந்தத் தாளை அவள் ஃபைலோடு சேர்த்துக் குத்தி, கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினார். அவள் போட்டாள். இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டு அடித்து மறுபடி போட்டாள். வெளியே வரும்போது என்னிடம் நன்றி சொல்லவில்லை. சொல்லக்கூடாது. "அண்ணா, நாளைக்கு வண்டி வருமா?" என்று மட்டும் கேட்டாள். சாரிலிருந்து அண்ணாவாகிவிட்டேன், அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டேன்.

நாளைக்கு வருமா என்பதுதான் கேள்வி. ஏன் நின்றது என்றே எனக்குத் தெரியாதே. தெரியாத ஒன்று நாளைக்கும் நிற்கும்.

அன்று மத்தியானம் மேனேஜர் ஆடிட்டிலிருந்து ஒரு மேடத்தை அனுப்பி வைத்தார். மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. பேச ஆரம்பித்தால் தமிழ் எங்கே முடிந்து கன்னடம் எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. வயது இருபத்தேழு இருக்கும், என் வயதில் சரியாகப் பாதி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான், ஆனால் எழுதவில்லை, ரெக்கார்ட் செய்தேன் என்றேன். அவர் கீபோர்டில் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினார். ஷீட்டுக்குப் பின்னாலிருந்து வேறொரு ஜன்னல் திறந்தது. கட்டமே இல்லை. வரி வரியாக இங்கிலீஷ்.

"இது என்ன மேடம், வைரஸா?"

"நீங்க எழுதினதுதான் அண்ணா."

இரண்டு மாதமாக நான் ஒரு எழுத்தாளனாக இருந்திருக்கிறேன், எனக்கே தகவல் இல்லை. நான் ஒவ்வொரு முறை மௌஸை அழுத்தியதும் அங்கே ஒரு வரியாகக் கிடந்தது. நடுவில் ஒருதரம் தப்பான கட்டத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தேன், அதுவும் இருந்தது. மேடம் ஒரு வரியில் விரலை வைத்தார். ஏ2 முதல் எஃப்87 வரை என்று இருந்தது. முதல் வரி தலைப்பு, அதற்குக் கீழே எண்பத்தேழாவது வரி வரை எண்பத்தாறு பேர்.

"ரெக்கார்ட் பண்ண அன்னிக்கு உங்க கை எங்க போச்சோ அது இதுல இருக்கு. ஏன் போச்சுன்னு இல்ல. எண்பத்தேழுல நிறுத்தினீங்க, ஏன்னா அன்னிக்கு ஜனம் அவ்வளவுதான். அது இதுக்கு ஹேகே, எப்படித் தெரியும்?"

இரண்டு மாதமும் விடுப்பில் ஆள் குறைந்த நாள் உண்டே தவிர, எண்பத்தாறைத் தாண்டிய நாள் இல்லை. அதனால்தான் மாட்டவில்லை. மேலே இருந்த பெட்டியும் அதே எண்பத்தேழு வரை எண்ணிவிட்டு, எல்லாம் சரி என்று பச்சை அடித்துக்கொண்டிருந்தது. தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, தானே மார்க் போட்டுக்கொள்வது. அப்படி ஒரு வசதி எங்கள் பள்ளியில் இருந்திருந்தால் நான் கலெக்டர்.

உடனே எனக்குப் புத்திசாலித்தனம் பொங்கியது. எண்பத்தேழை அழித்துவிட்டு ஐந்நூறு போடலாம் என்றேன். ஐந்நூற்றி ஒன்றாவது வரியில் ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஆயிரம் என்றேன். அவர் ஷீட்டின் கடைசி வரிக்குப் போய்க் காட்டச் சொன்னார். உருட்டினேன். விரல் வலித்தது. உருட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பொறுக்கமுடியாமல் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினார். பத்து லட்சத்துச் சொச்சம் வரிகள். திரையில் தெரிவதோடு ஷீட் முடிந்துவிடுகிறது, தேவைப்பட்டால் கொஞ்சம் நீளும் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்று நினைத்தவனுக்கு, அது மடிவாளாவிலிருந்து ஓசூர் வரை ஒரே வீடு என்று சொன்ன மாதிரி இருந்தது.

மேக்ரோவை அந்தக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வரச் சொல்ல வேண்டுமாம். முதலில் எந்தப் பெயரில் முட்டுகிறதோ, அதுதான் அன்றைய கடைசி ஆள். எத்தனை பேர் வந்தாலும் யாரும் விடுபடமாட்டார்கள். ஒரே ஒரு வரி. அதை அவர் எழுதித் தரவில்லை, என்னை எழுத வைத்தார். ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். புள்ளியை விட்டேன், அடைப்புக்குறியை விட்டேன். ஒவ்வொரு முறையும் சிவப்பாக ஏதோ வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் "ஸ்வல்ப நோடி அண்ணா, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தார். பச்சைப் பெட்டியையும் மாற்ற வைத்தார். இனி அது என் ஷீட்டை எண்ணாது, ஹெச்.ஆர். அனுப்பிய லிஸ்ட்டை எண்ணி என் ஷீட்டோடு ஒப்பிடும். சரியா என்று சொல்கிற ஆள், செய்த ஆளாக இருக்கக்கூடாது. இது எக்செல்லுக்கு மட்டுமில்லை என்று நினைக்கிறேன். என் மனைவி வெகு நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை சௌமியாவுக்கு வண்டி போனது. எட்டு மணிக்கு ஏறிவிட்டாளா என்று ஓட்டுநருக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவர் போனை அவளிடமே கொடுத்துவிட்டார். "ஏறிட்டேன் அண்ணா, வேலையப் பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு மேடத்தை நான் விடவில்லை. தினமும் ஒரு சந்தேகத்தோடு அவர் மாடிக்குப் போவேன். அவரும் "ஆய்த்து, சரி, நாளைக்கு" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே காட்டிக் கொடுப்பார். ஒருநாள் நான் கேட்ட ஒன்றுக்கு, "தெரியாது அண்ணா, நானும் பார்க்கணும்" என்றார். எனக்கு நம்பிக்கையே இல்லை. மறைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். இதில் அவருக்குத் தெரிந்தது கால்வாசிகூட இருக்காதாம். படிக்கப் படிக்க அந்தக் கால்வாசி இன்னும் சின்னதாகிக்கொண்டே போகிறதாம். அன்று லிஃப்ட்டில் இறங்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் ஒருத்தன்தான் முட்டாள் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த வம்பை விலைக்கு வாங்கினேன். விடுப்பில் இருப்பவர்களின் வரிகளை ஷீட்டே அழித்துவிடுகிற மாதிரி, இந்த முறை ரெக்கார்ட் செய்யாமல், சொந்தமாக எழுதினேன். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கும். விடுப்பு என்று இருந்தால் அழிக்கும், அடுத்த வரிக்குப் போகும். இதில் என்ன தப்பு இருக்க முடியும், சொல்லுங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வரியை அழித்ததும் கீழே இருக்கும் வரி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது என்பதை யோசிக்கவில்லை. அதனால் அக்கம்பக்கமாக இரண்டு பேர் விடுப்பில் இருந்தால் இரண்டாமவர் தப்பித்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்த ஒருவர் வீட்டு வாசலில் வண்டி போய் நின்று, ஹாரன் அடிக்க, உள்ளேயிருந்து அவருடைய மாமனார் வெளியே வந்து...

ஒரு நிமிஷம். டெஸ்க்கிலிருந்து கூப்பிடுகிறார்கள். இன்றைக்குத்தான் சேர்ந்த பெண், போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்கிறாள்: "அண்ணா, ஒருத்தர் ரோட்டுல நிக்கறாராம். நம்ம லிஸ்ட்ல அவர் பேரு இல்ல. இல்லன்னு சொல்லிடவா?"

சொல்லாதேம்மா. எங்கே நிற்கிறார் என்று முதலில் கேள். இதோ வந்துவிட்டேன்.